காலையில் கண் திறக்காத கம்ப்யூட்டர்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், கணக்காளர்களும் ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் கலந்துகொண்ட பயிற்சி அமர்வில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



விடியற்காலையிலேயே பால் ஊற்றிவிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டோம். இன்றைக்கு நாம் சேமிப்பு பற்றியோ தவணை பற்றியோ பேசப் போவதில்லை. நம் அலுவலக மூலையில் துணி போர்த்தி உட்கார்ந்திருக்கிறதே, அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

"அது எங்களுக்கு எதுக்குங்க, அது கணக்காளர் பாடு" என்று பின்வரிசையில் ஒரு அக்கா சொல்வது காதில் விழுகிறது. சரிங்க அக்கா, ஒரே ஒரு கேள்வி. உங்க குழுவோட சேமிப்பு எவ்வளவு, யார் யார் எத்தனை தவணை கட்டியிருக்காங்க, வங்கிக்குப் போக வேண்டிய பட்டியல் என்ன, இதெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது? அந்தப் பெட்டிக்குள்தானே இருக்கிறது? அப்படியென்றால் அது கணக்காளர் பாடு மட்டும் இல்லை. நம் எல்லோருடைய பாடும்தான்.

1989-இல் அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான் தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் தொடங்கியது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. நாங்கள் வேலை பார்க்கும் தேன்கனிக்கோட்டை, தளி பக்கத்துக் கிராமங்கள் எல்லாம் அந்தப் பழைய தருமபுரி மாவட்டத்தில் இருந்தவைதான். அந்தக் காலத்துக் குழுக்களில் எல்லாமே நோட்டுப் புத்தகம். எழுதத் தெரிந்த ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்துக் கணக்கு எழுத வைத்தார்கள். இன்று கம்ப்யூட்டர் வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் நோட்டு ஒருநாளும் "இன்னிக்குத் திறக்க மாட்டேன்" என்று சொன்னதில்லை. கம்ப்யூட்டர் சொல்லும். எங்களுக்குச் சொன்னது. அந்தக் கதையை முதலில் சொல்கிறோம்.

அந்த மார்கழிக் காலை

2022 டிசம்பர் மாதம். தளி பக்கத்து மார்கழிக் குளிர் உங்களுக்குத் தெரியும். எட்டு மணி வரைக்கும் பனி இறங்கும், விரல் மடங்காது. அன்று சாயந்திரத்துக்குள் ஒன்பது குழுக்களின் கடன் விண்ணப்பத்தை வங்கியில் கொடுத்தாக வேண்டும். அலுவலகத்தைத் திறந்த கணக்காளர் தங்கச்சி சுவிட்சைப் போட்டார். முன்பக்க விளக்கு எரிந்தது. உள்ளே ஃபேன் சுற்றியது. ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை. அணைத்துப் போட்டார். மறுபடி அணைத்துப் போட்டார். ஏழு தடவை. ஒன்றும் நடக்கவில்லை.

பத்து மணிக்கு நிர்வாகிகள் வந்தார்கள். முதலில் வந்த கேள்வி என்ன தெரியுமா? "கடைசியா தொட்டது யாரு?"

அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் முகம் செத்துவிட்டது. "நேத்து சாயந்திரம் வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு, நீ என்ன பண்ணினே? உன் தம்பியைக் கூட்டி வந்து பாட்டு ஏத்தினியா? தண்ணி கிண்ணி ஊத்திட்டியா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். "வேற ஆளைப் போட்டுடலாம்" என்றும் ஒருவர் சொன்னார். மாதம் முழுக்க உழைத்துச் சின்னச் சம்பளம் வாங்குகிற பெண். அந்தச் சம்பளத்தில்தான் அவர் வீட்டு மளிகை ஓடுகிறது.

எங்களுக்குப் போன் வந்தது. வெட்கத்தோடு சொல்கிறோம், நாங்களும் அதையேதான் கேட்டோம். "என்னம்மா பண்ணினே?" என்று. நாங்கள் படித்தது சமூகப்பணிப் பட்டம். ஒருவரைக் குற்றம் சொல்வதற்கு முன் அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று இரண்டு வருஷம் பாடம் படித்தவர்கள் நாங்கள். அன்று அது ஞாபகத்துக்கு வரவில்லை.

அவர் அழவில்லை. மெதுவாகச் சொன்னார்: "மேடம், ஐப்பசி மாசத்திலேயே உங்ககிட்ட சொன்னேனே. காலையில ரெண்டு தடவை போட்டாத்தான் வருதுன்னு. நீங்கதான் பழைய மெஷின் அப்படித்தான் இருக்கும்னு சொன்னீங்க."

ஆமாம், சொன்னோம். மறந்தும் போனோம்.

நோட்டில் இருந்த உண்மை

நாங்கள் வண்டி எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. அவர் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டினார். அக்டோபர் மாதத்திலிருந்து தேதி வாரியாக எழுதி வைத்திருந்தார். "காலை 9.30, இரண்டாவது தடவையில் வந்தது. மதியம் அணைத்துப் போட்டேன், முதல் தடவையே வந்தது." "காலை 9.40, மூன்றாவது தடவை." நவம்பரில் நான்கு, ஐந்து. மழை பெய்து குளிர்ந்த நாட்களில் அதிகம். வெயில் அடித்த நாட்களில் குறைவு. சாப்பாட்டு நேரத்தில் அணைத்துப் போட்டால் எந்தத் தொந்தரவும் கிடையாது.

அந்த நோட்டை அதுவரை யாரும் கேட்கவில்லை. அவரும் பயந்துகொண்டு காட்டவில்லை.

அன்றைய வேலையை எப்படி முடித்தோம் என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டரில் இருந்ததை வெளியே எடுத்து வைத்த நகல் ஐந்து வாரம் பழையது. அது போதாது. அப்போது ஒரு வயதான ஊக்குநர் அம்மா சொன்னாங்க, "எங்க குழுவுல இன்னும் நோட்டு எழுதறோம். பாஸ் புத்தகமும் எல்லார்கிட்டயும் இருக்கு. கொண்டு வரச் சொல்லட்டுமா?" ஒரு வருஷத்துக்கு முன்னால் நாங்கள்தான் குழுக்களுக்குப் போய், "கம்ப்யூட்டர் வந்துடுச்சு, இனிமே ரெண்டு வேலை எதுக்கு" என்று சொல்லியிருந்தோம். நல்லவேளை, பாதிக் குழுக்கள் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை! ஒன்பதில் ஏழு குழுவின் விண்ணப்பத்தை அன்றே கையால் எழுதிக் கொடுத்தோம். மீதி இரண்டுக்கு வங்கியில் கெஞ்சி ஒரு வாரம் அவகாசம் வாங்கினோம்.

கம்ப்யூட்டரை ஒரு கடைக்குத் தூக்கிப் போனோம். துணியை எடுத்துப் பார்த்ததுமே, "மதர்போர்டு போச்சுங்க, புதுசு வாங்கிடுங்க, முப்பதாயிரம் ஆகும்" என்றார்கள். திரும்பி வரும் வழியில் இன்னொரு வயதான மெக்கானிக் அண்ணனிடம் காட்டினோம். அவர் பெட்டியைத் திறக்கவில்லை. முதலில் நோட்டை வாங்கிப் படித்தார். "காலையில மட்டும்தான் தகராறு, சூடானா சரியாகுது. இது பவர் சப்ளை மாதிரி தெரியுது. ராத்திரி இங்க விட்டுட்டுப் போங்க. காலையில வந்து பாக்கறேன்" என்றார்.

மறுநாள் காலை குளிரில் போட்டார், வரவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டார். அதற்கடுத்த நாள் காலை, தன்னிடம் இருந்த நல்ல பவர் சப்ளையை மாட்டிப் போட்டார். முதல் தடவையே வந்தது. அதற்கும் மறுநாள் காலை இன்னொரு முறை போட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் எங்களைக் கூப்பிட்டார். செலவு 1,150 ரூபாய். கணக்கு முழுவதும் பத்திரமாக இருந்தது.

அவர் செய்ததில் ஒரு பாடம் இருக்கிறது. காலையில் வரும் நோயைக் காலையில்தான் பார்க்க வேண்டும். நாம் பஸ்ஸில் தூக்கிப் போய், கடையில் மத்தியானம் சூடாகி ஓடும்போது பார்த்தால், "நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அல்லது தேவையில்லாததை மாற்றிவிடுவார்கள்.

குளிர்ந்த மெஷின் ஏன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது?

உங்கள் வீட்டுச் சீலிங் ஃபேன் சில நேரம் சுவிட்சைப் போட்டதும் சுற்றாமல் முனகும். குச்சியால் ஒரு தள்ளு தள்ளினால் சுற்ற ஆரம்பிக்கும். எலக்ட்ரீஷியன் வந்து என்ன சொல்வார்? "கண்டன்சர் போச்சு" என்பார். அதை மாற்றியதும் சரியாகிவிடும். கம்ப்யூட்டருக்குள்ளும் கண்டன்சர்கள் இருக்கின்றன. ஃபேன் கண்டன்சருக்கு உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இவை சின்னச் சின்ன உருளைகள். கரண்ட் ஏற்ற இறக்கம் இல்லாமல் சீராகப் போக, கொஞ்சம் மின்சாரத்தைப் பிடித்து வைத்துக் கொடுப்பது இவற்றின் வேலை.

இந்த உருளைகள் பலவற்றின் உள்ளே ஒரு திரவம் இருக்கிறது. மெஷின் ஓடும் சூட்டில் அது வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துபோகும். மிச்சம் இருக்கும் திரவம் குளிரில் இன்னும் மந்தமாகிவிடும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் எண்ணெய் வராது இல்லையா? வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் வரும். இங்கே திரவம் அப்படி உறைந்துபோவதில்லை, ஆனால் மந்தமாவது அதே மாதிரிதான். நாம் நாலு தடவை சுவிட்ச் போடும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் பாய்ந்து அது சூடாகிறது. ஐந்தாவது தடவை மெஷின் எழுந்துகொள்கிறது. நாம் "சரியாயிடுச்சு" என்று நினைத்துக்கொள்கிறோம். சரியாகவில்லை. அடுத்த மாதம் ஐந்து ஏழாகும். ஒருநாள் வரவே வராது.

கெட்டுப்போன கண்டன்சரின் தலை சில நேரம் உப்பியிருக்கும், பழுப்பாக ஏதாவது கசிந்திருக்கும். 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் விற்ற பல மதர்போர்டுகளில் தரம் குறைந்த கண்டன்சர்கள் வந்து, சில வருஷத்திலேயே தலை வீங்கி, உலகம் முழுக்கத் தொந்தரவு கொடுத்தன. ஆக, இது நம் ஊர்ப் பெண் பாட்டு ஏற்றியதால் வந்த வியாதி இல்லை.

கண்டன்சர் ஒன்றுதான் காரணம் என்றும் நினைக்க வேண்டாம். குளிரில் உலோகம் சுருங்கும், அதனால் தளர்ந்திருக்கும் இணைப்புகள் விட்டுப்போகலாம். எங்கள் பக்கத்தில் காலையில் பம்புசெட் எல்லாம் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும், அதனாலும் மெஷின் கிளம்பாமல் இருக்கலாம். கோடைக்காலக் காலையிலும் அதே தகராறு என்றால், குளிரைச் சந்தேகிக்கும் முன் எலக்ட்ரீஷியனை வைத்து வோல்டேஜை அளந்து பாருங்கள்.

எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்

பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கம்ப்யூட்டருக்கும் அதுதான். அது எழுந்திருப்பதில் ஒரு வரிசை இருக்கிறது. நாம் காலையில் எழுந்து, அடுப்புப் பற்ற வைத்து, உலை வைத்து, அரிசி போடுவது மாதிரி. முதலில் பவர் சப்ளை, அதாவது மெக்கானிக் எஸ்.எம்.பி.எஸ். என்று சொல்லும் பெட்டி, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாகக் குறைத்து, எல்லாம் சரியாக இருந்தால் "நான் ரெடி" என்று மதர்போர்டுக்கு ஒரு சைகை கொடுக்கும். பிறகு மதர்போர்டு தன் ராம், கீபோர்டு, திரை எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கும். அதற்குப் பிறகு ஹார்டு டிஸ்க்கைத் தேடும். கடைசியில்தான் நாம் பார்க்கும் விண்டோஸ் வரும். எந்தப் படியில் நின்றது என்று தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது.

1. விளக்கே எரியவில்லை, ஃபேனும் சுற்றவில்லை என்றால்: சுவிட்ச் போர்டு, யூ.பி.எஸ்., பின்னால் செருகும் ஒயர், மூன்றையும் பாருங்கள். சி.பி.யூ. பெட்டியின் பின்பக்கத்திலும் ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கும். பெருக்கும்போது துடைப்பம் பட்டு அது அணைந்திருக்கும்! செல்போன் சார்ஜர் ஏறுகிறதே, கரண்ட் நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். சார்ஜர் குறைந்த வோல்டேஜிலும் ஏறும்.

2. விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு என்றால்: முதலில் மானிட்டரின் விளக்கு எரிகிறதா, அதன் கேபிள் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு காது கொடுத்துக் கேளுங்கள். "பீப், பீப்" என்று சத்தம் வந்தால் எத்தனை, நீளமா குட்டையா என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாடலுக்கும் அதற்கு அர்த்தம் வேறு, மெக்கானிக்குத் தெரியும். பல நேரம் இது ராம் என்னும் பட்டை தளர்ந்ததால் வரும். அதைச் சரி செய்யும் விதத்தைப் பின்னால் சொல்கிறோம்.

3. கருப்புத் திரையில் எழுத்து வந்து, தேதி பல வருஷம் பின்னால் காட்டி, ஒரு பட்டனை அழுத்தச் சொன்னால்: மதர்போர்டில் இருக்கும் வட்டமான பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். சி.ஆர்.2032 என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள், 3 வோல்ட். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது நேரத்தையும் அமைப்புகளையும் அதுதான் காக்கிறது. இதைச் சாதாரணமாக விடாதீர்கள். தேதி தப்பாக இருக்கும்போது தவணையைப் பதிவு செய்தால் கணக்கே குழம்பும்.

4. "டிஸ்க் இல்லை" என்ற மாதிரி எழுத்து வந்தால்: முதலில் பென் டிரைவ் ஏதாவது செருகி இருக்கிறதா பாருங்கள். அதை எடுத்துவிட்டுப் போட்டாலே பல நேரம் சரியாகிவிடும். ஆனால் உள்ளே "டிக், டிக்" என்று புதிதாகச் சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்பப் போட வேண்டாம். நம் கணக்கு இருக்கும் இடம் அது. ஒவ்வொரு தடவை போடும்போதும் சேதம் கூடலாம்.

5. முதல் தடவை வராமல், நாலாவது ஐந்தாவது தடவை வருகிறது, அதன் பிறகு நாள் முழுக்க ஓடுகிறது என்றால்: நாங்கள் சொன்ன கதைதான். பவர் சப்ளையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும், அடுத்தது மதர்போர்டின் கண்டன்சர்கள். வேறு நல்ல பவர் சப்ளையை மாட்டி, ஒரு ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் போட்டுப் பார்ப்பதுதான் சரியான சோதனை.

நாம் செய்யக்கூடியது, செய்யக்கூடாதது

ராம் பட்டையைச் சரி செய்ய நம் கணக்காளர்களே கற்றுக்கொள்ளலாம். முதல் முறை மெக்கானிக் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். சுவிட்சை அணைத்து, ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு முன்பக்கப் பட்டனைப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே மிச்சம் இருக்கும் கரண்ட் பெரும்பாலும் இறங்கும். உலோக வளையல், மோதிரம் இருந்தால் கழற்றி வையுங்கள். கை ஈரமாக இருக்கக்கூடாது. பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். பட்டையின் இரண்டு பக்கக் கொக்கியையும் விலக்கி, ஓரத்தைப் பிடித்து வெளியே எடுத்து, மஞ்சளாக மின்னும் விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதாமல் உலர்ந்த துணியால் துடைத்து, "டக்" என்று சத்தம் வரும்வரை திரும்பப் பொருத்துங்கள். அவ்வளவுதான். இதற்கு இன்ஜினியரிங் படிக்க வேண்டாம். தையல் மெஷினில் பாபின் கழற்றி மாட்டத் தெரிந்த கைக்கு இது வரும்.

ஆனால் ஒன்று, சகோதரிகளே. பவர் சப்ளை பெட்டியை மட்டும் யாரும் திறக்கவே கூடாது. ஒயரைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், ஆளை அடித்துப் போடும். அதைச் சரி செய்ய முயல வேண்டாம், முழுதாக மாற்றிவிடுவதுதான் நல்லது. கருகிய வாடை வந்தாலும், புகை வந்தாலும் சுவரில் அணைத்துவிட்டு விலகி நில்லுங்கள். மூன்று முள் பிளக்கில் பெரிய முள்ளை ஒடித்துவிட்டுச் செருகும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதுதான் எர்த். ஒடித்தால் பாதுகாப்பை நாமே ஒடிக்கிறோம் என்று அர்த்தம்.

"காலையில வராதுன்னா ராத்திரியும் அணைக்காம விட்டுடலாமே" என்று சிலர் யோசனை சொல்வார்கள். எங்களுக்கும் சொன்னார்கள். அது வைத்தியம் இல்லை. ராத்திரி கரண்ட் போய் வந்தால் மெஷின் தானாக அணைந்துவிடும், காலையில் பழைய கதைதான். யாரும் இல்லாத அறையில் பழுதான மெஷின் ராத்திரி முழுக்கச் சூடாகிக்கொண்டிருப்பது ஆபத்தும்கூட.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். போர்த்தியிருக்கும் துணியை எடுத்துவிட்டுத்தான் சுவிட்ச் போட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒயரைப் பிடுங்கிவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தூசியை எடுக்க வேண்டும். தூசி சூட்டை அடைக்கும். சூடுதான் கண்டன்சரைச் சீக்கிரம் காய வைக்கிறது. எங்கள் பெட்டிக்குள் ஒரு பல்லி முட்டையே இருந்தது!

தப்பித் தவறி எழுந்துகொண்டால் முதல் வேலை

பல தடவை முயன்று மெஷின் எழுந்துகொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். "அப்பாடா" என்று அன்றைய பதிவை ஆரம்பித்துவிடாதீர்கள். முதல் வேலை, கணக்கு முழுவதையும் பென் டிரைவில் நகல் எடுப்பது. இந்தத் தடவை எழுந்தது அடுத்த தடவை எழும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

எங்கள் பகுதியில் இப்போது செய்வதைச் சொல்கிறோம். இரண்டு பென் டிரைவ் வைத்திருக்கிறோம், கணக்குக்கு மட்டும். பாட்டு, போட்டோ எதுவும் அதில் ஏறாது. ஒரு வெள்ளிக்கிழமை ஒன்றில், அடுத்த வெள்ளிக்கிழமை மற்றதில். ஒன்று அலுவலகப் பீரோவில் இருக்கும், இன்னொன்று செயலாளர் வீட்டில். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் ஒரே மழையில் இரண்டும் போகும். மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கிறோம். திறக்காத நகல், சாவி இல்லாத பீரோ மாதிரிதான். மாதக் கடைசியில் ஒவ்வொரு குழுவின் பக்கத்தையும் அச்சடித்து ஊக்குநர்களிடம் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைக்கிறோம். குழுவில் நோட்டும், உறுப்பினர் கையில் பாஸ் புத்தகமும் தொடர்ந்து எழுதப்பட வேண்டும் என்று நாங்களே இப்போது ஊர் ஊராகப் போய்ச் சொல்கிறோம். "ஏங்க, நீங்கதானே வேண்டாம்னீங்க" என்று கேட்கிறார்கள். "ஆமாங்க, அது எங்க தப்பு" என்கிறோம்.

கம்ப்யூட்டருக்கு ஒரு நோட்டு

எல்லாவற்றையும் விட முக்கியம் இதுதான். ஒவ்வொரு அலுவலகத்திலும் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்க வேண்டும். அதில் தேதி, நேரம், எத்தனையாவது தடவையில் எழுந்தது, திரையில் என்ன தெரிந்தது, என்ன சத்தம், நாம் என்ன செய்தோம், யார் செய்தது, இத்தனையும் இருக்க வேண்டும். கால்நடை வைத்தியரிடம் மாட்டைக் கூட்டிப் போனால், "எப்பலேர்ந்து தீனி எடுக்கலை?" என்றுதானே முதலில் கேட்கிறார்? மாடு பேசாது, நாம்தான் சொல்ல வேண்டும். இந்தப் பெட்டியும் பேசாது.

நோட்டு இருந்தால் முப்பதாயிரம் ரூபாய் செலவு 1,150-இல் முடிகிறது. அதைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. ஒரு பெண்ணின் பெயர் கெடாமல் இருக்கிறது. அந்த நோட்டு இல்லாமல் போயிருந்தால், புதுக் கம்ப்யூட்டர் வாங்கிய செலவும் அவர் தலையில் விழுந்திருக்கும், வேலையும் போயிருக்கும். "அவதான் கெடுத்தா" என்ற பேச்சு ஊரில் எத்தனை வருஷம் நின்றிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்கு அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் நாங்கள் எழுந்து நின்று, எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். "முன்னாலேயே சொன்னது அவங்க, கேட்காம விட்டது நாங்க" என்று சொன்னோம். வேற ஆளைப் போடலாம் என்று சொன்ன அக்காவே, "நானும் அவசரப்பட்டுட்டேன் கண்ணு" என்றார். அன்று ஒரு தீர்மானம் போட்டு நோட்டில் எழுதினோம். அலுவலகத்தில் எந்தப் பொருள் பழுதானாலும் முதல் கேள்வி "யார் தொட்டது" என்று இருக்கக்கூடாது, "எப்போதிலிருந்து, எப்படி" என்று இருக்க வேண்டும். யாராவது பழுது என்று சொன்னால், அதை அன்றே நோட்டில் எழுதிப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துப் போடும் பொறுப்பு இப்போது எங்களுக்கும் உண்டு.

அந்தக் கணக்காளர் தங்கச்சி இன்றைக்கும் அதே அலுவலகத்தில்தான் இருக்கிறார். பக்கத்துக் கூட்டமைப்புகளுக்குப் போய் ராம் பட்டை துடைக்கவும், நகல் எடுக்கவும் சொல்லிக் கொடுக்கிறார். இந்த உரைக்கு வேண்டிய பாதி விஷயத்தை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

எனவே சகோதரிகளே, இன்று ஊருக்குத் திரும்பியதும் மூன்று வேலை செய்யுங்கள். கணக்காளராக இருப்பவர்கள் நாளைக் காலையிலேயே அந்த நோட்டைத் தொடங்குங்கள். நிர்வாகிகள், கடைசியாக நகல் எடுத்தது எந்தத் தேதி என்று கேளுங்கள். திட்டுவதற்காக வேண்டாம், தெரிந்துகொள்வதற்காகக் கேளுங்கள். உறுப்பினர்கள் உங்கள் பாஸ் புத்தகத்தை எடுத்து, கடைசித் தவணை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பணம் உங்களுடையது, கணக்கும் உங்களுடையதுதான்.

இப்போது சாப்பாடு தயாராக இருக்கிறது. மத்தியானம் இந்தக் கம்ப்யூட்டரையே ஒயரைப் பிடுங்கித் திறந்து காட்டப் போகிறோம். பின்வரிசை அக்கா, நீங்கதான் முதலில் வந்து ராம் பட்டையைக் கழற்றப் போறீங்க. வளையலை மட்டும் கழற்றி வைச்சுட்டு வாங்க.